கடிக்கிற ஷூவின் கதை

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் எனக்கு ஒரு பழைய கடன் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஷூ வாங்க வேண்டும் என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். கைப்பேசியில் இரண்டு படம் காட்டினான். ஒன்று, இந்தக் காலத்து ஓட்டப்பயிற்சி ஷூ. தடித்த மெத்தைமேல் நிற்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று, நாற்பது வருடத்துக்கு முந்தைய கூடைப்பந்து ஷூவை அப்படியே பழைய மாதிரியில் திரும்பச் செய்து விற்பது. 'ரெட்ரோ' என்கிறார்கள். அவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

"கல்லு மாதிரி இருக்கும், குதிகாலைக் கடிக்கும், தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனுக்கு அது எதற்கு?" என்றாள் மகள். "அம்மா, அது ஷூ இல்லை, அது ஹிஸ்டரி" என்றான் பேரன். அந்த ஒரு வார்த்தையில் இருவரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "தாத்தா, நீங்களே சொல்லுங்க. ஸ்டைலா, சௌகரியமா?"

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. கேட்ட உடனே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "ஒரு வாரம் டைம் கொடுடா" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வருடங்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். தேதி இல்லாமல் நான் பாடம் நடத்தியதில்லை.

கதை அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் 1891 டிசம்பரில் தொடங்குகிறது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். வெளியே பனி. பையன்களை உள்ளரங்கில் வைத்துச் சமாளிக்க ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. இரண்டு பீச் பழக் கூடைகளைச் சுவரோரம் உயரத்தில் ஆணியடித்து, 13 விதிகள் எழுதி, வகுப்பில் இருந்த 18 பேரை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட விட்டார். அதுதான் கூடைப்பந்து. வகுப்பைச் சமாளிக்க முடியாத ஒரு வாத்தியார் கண்டுபிடித்த விளையாட்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மரத் தரையில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பிக் குதிக்க வேண்டும். தோல் செருப்போ பூட்ஸோ வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் வேண்டும். நல்ல வேளையாக அதற்கு வழி பிறந்திருந்தது. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தத் தொல்லை இல்லை என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அந்த முறையில்தான் துணியையும் ரப்பரையும் ஒன்றாக ஒட்டிக் கேன்வாஸ் ஷூ செய்ய முடிந்தது.

1908இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்க்விஸ் மில்ஸ் கான்வர்ஸ் என்பவர் ரப்பர் காலணிக் கம்பெனி ஆரம்பித்தார். 1917இல் அவர்கள் கூடைப்பந்துக்காகவே 'ஆல் ஸ்டார்' என்ற ஷூவைக் கொண்டுவந்தார்கள். கணுக்கால் வரை கேன்வாஸ், கீழே தட்டையான ரப்பர், அவ்வளவுதான். சக் டெய்லர் என்ற கூடைப்பந்துக்காரர் 1920களின் தொடக்கத்தில் அங்கே விற்பனையாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகக் காரில் போவார். பள்ளிக்கூடங்களில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார், கூடவே ஷூவையும் விற்பார். 1930களில் அவர் பெயரே அந்த ஷூவின் மேல் ஏறிவிட்டது.

இன்றைக்கு அந்த ஷூவைப் போட்டால் தெரு மணலை எண்ணலாம், அவ்வளவு மெல்லிசு. ஆனால் அன்றைக்கு அதைவிட வசதியான விளையாட்டுக் காலணி எதுவும் கிடையாது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கூடைப்பந்து சேர்ந்தபோது அமெரிக்க அணி போட்டது இதைத்தான். இறுதி ஆட்டம் திறந்தவெளியில், கொட்டுகிற மழையில், சேற்றில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. முதியவர் நெய்ஸ்மித் நேரில் இருந்து பார்த்தார். 1962இல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததும் இதே கேன்வாஸ் ஷூவில்தான். இன்றுவரை அதை யாரும் தொடவில்லை.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு ஒரு நூல் ஓடுகிறது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் அவர் தொடங்கியதுதான் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் பள்ளிகளுக்கு வந்த பி.டி. வாத்தியார்களில் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். 1930களில் கல்கத்தா அருகே பாட்டா நகர் உருவாகி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ நாடு முழுக்கப் பரவியது. நாம் 'பி.டி. ஷூ' என்று சொன்னோமே, அது இந்தக் கூடைப்பந்து ஷூவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே துணி, அதே ரப்பர். அந்தத் தம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவான்.

சரி, மறுபடி அமெரிக்கா. 1969இல் அடிடாஸ் 'சூப்பர்ஸ்டார்' என்ற தோல் ஷூ வந்தது. விரல் முனையில் சிப்பி மாதிரி ரப்பர் மூடி. கேன்வாஸில் கால் அலையும், தோலில் பிடித்து நிற்கும். விரலையும் யாரும் மிதித்துவிட முடியாது. 1973இல் வால்ட் ஃபிரேசியர் என்ற ஆட்டக்காரருக்காக பூமா ஒரு மென்தோல் ஷூ செய்து, அவருடைய பட்டப்பெயரான 'கிளைடு' என்பதையே அதற்கு வைத்தது. 1980 வாக்கில் பெரிய ஆட்டக்காரர்கள் காலிலிருந்து கேன்வாஸ் மறைந்தே போயிற்று. அழகில்லை என்று விடவில்லை. அதைவிட சுகமானது கிடைத்தது, விட்டார்கள்.

1982இல் நைக்கி 'ஏர் ஃபோர்ஸ் 1' கொண்டுவந்தது. வடிவமைத்தவர் புரூஸ் கில்கோர். விமான, விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ஃபிராங்க் ரூடி சொன்ன யோசனைப்படி, காற்றடைத்த சின்னப் பையைக் குதிகாலுக்கு அடியில் வைத்தார்கள். ஓட்ட ஷூவில் முன்பே வந்த அந்த வித்தை, கூடைப்பந்து ஷூவுக்கு அப்போதுதான் வந்தது. குதித்து இறங்கினால் அதிர்ச்சி குறையும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் ஒரு மாதிரி ஷூ ஒன்றிரண்டு வருடம் விற்கும், அப்புறம் அதை நிறுத்திவிட்டு அடுத்தது. ஏர் ஃபோர்ஸ் 1 ஷூவையும் அப்படியே நிறுத்தினார்கள். பால்டிமோர் நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் விடவில்லை. "எங்கள் பையன்கள் இதைத்தான் கேட்கிறார்கள், புதுப்புது நிறத்தில் திரும்பப் போட்டுக் கொடுங்கள்" என்று நின்றார்கள். போட்டார்கள், விற்றுத் தீர்ந்தது. ஆடுகளத்துக்கு வேண்டாத ஷூவைத் தெரு கேட்டு வாங்கியது. 'ரெட்ரோ' வியாபாரத்தின் விதை அங்கே விழுந்தது என்பது என் கணிப்பு.

1985இல் 'ஏர் ஜோர்டன்' கடைக்கு வந்தது. விலை 65 டாலர். பீட்டர் மூர் வடிவமைத்தது. மைக்கேல் ஜோர்டன் அப்போது 22 வயதுப் பையன். அவர் போட்ட சிவப்பு கறுப்பு ஷூ சீருடை விதிக்குப் பொருந்தவில்லை என்று என்.பி.ஏ. நிர்வாகம் கடிதம் அனுப்பியது. கம்பெனி சும்மா இருக்குமா? 'அவர்கள் தடுத்தார்கள், நீங்கள் போடுவதை யாரும் தடுக்க முடியாது' என்ற பொருளில் விளம்பரம் எடுத்துவிட்டது. தடை செய்த பொருளுக்கு வரும் மவுசு நமக்குத் தெரியாததா!

1986இல் நியூயார்க் குவீன்ஸ் பகுதிப் பாட்டுக்காரர்களான ரன் டி.எம்.சி. குழு, அந்த அடிடாஸ் சூப்பர்ஸ்டார் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டது. மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் அவர்கள் சொன்னதும், கூட்டத்தில் இருந்தவர்கள் காலில் கிடந்த ஷூவைக் கழற்றி உயரத் தூக்கிப் பிடித்தார்கள். அடிடாஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. இவர்கள் அந்த ஷூவை லேஸ் இல்லாமல் போடுவார்கள். காலைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்த ஷூவில், பிடித்து நிறுத்துகிற கயிற்றையே உருவி எறிந்துவிட்டார்கள்! 17 வருடத்துக்குள் சுகத்துக்காகப் பிறந்த ஷூ முழுக்க முழுக்க ஸ்டைலாகிவிட்டது.

இத்தனையும் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. இன்று கடைகளில் 'ஸ்டைல்' என்று விற்கிற ஒவ்வொரு பழைய கூடைப்பந்து ஷூவும், அது பிறந்த வருடத்தில் சுகத்துக்காகவும் வசதிக்காகவும் செய்யப்பட்டது. நேற்றைய சௌகரியம்தான் இன்றைய ஸ்டைல். ஷூ மாறவில்லை. நம் கால் பழகிவிட்ட சுகம் மாறிவிட்டது.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஜோர்டனையே கூப்பிடலாம். 1998 மார்ச் 8. அதே மாடிசன் ஸ்கொயர் கார்டன். சிகாகோ புல்ஸ் அணிக்கும் நியூயார்க் நிக்ஸ் அணிக்கும் ஆட்டம். அந்த அரங்கத்தில் இதுவே கடைசியாக இருக்கலாம் என்று நினைத்து, ஜோர்டன் 1985ஆம் வருடத்து முதல் ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். வயது 35. இடையில் 13 வருடம் ஒவ்வொன்றாக மெத்தை கூடிய ஷூக்களில் ஆடிப் பழகிய கால். பாதி ஆட்டத்துக்குள் கால் தாங்கவில்லை. ஆட்டம் நன்றாகப் போகிறது, கழற்ற மனமில்லை. 42 புள்ளி எடுத்தார், அணியும் ஜெயித்தது. முடிந்து கழற்றியபோது சாக்ஸ் ரத்தத்தில் நனைந்திருந்தது என்று 2020இல் வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடரில் அவரே சொல்கிறார். தன் பெயர் போட்ட ஷூவே தன்னைக் கடித்தது.

அப்படியானால் பழைய ஷூவின் உள்ளே சுகத்தை வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தார்கள். 2003இல் கான்வர்ஸ் கம்பெனியை நைக்கி வாங்கிவிட்டது. 2015இல் 'சக் 2' என்று ஒன்று விட்டார்கள். வெளியே கிட்டத்தட்ட அதே தோற்றம், உள்ளே புதிய மெத்தை. ஊரெல்லாம் கைதட்டும் என்று நினைத்தார்கள். ஜனங்கள் வாங்கவில்லை, கொஞ்ச காலத்தில் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள். ஆனால் 2013இல் வந்த 'சக் 70' இன்றும் விற்கிறது. அதிலும் கேன்வாஸ் தடிமன், உள்மெத்தையும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அது 'நான் புதுசு' என்று சொல்லவில்லை, 'நான் 1970களின் ஷூ' என்றது. பழசை வாங்குகிறவனுக்குச் சுகமும் வேண்டும், அதைக் காட்டிக்கொள்ளவும் கூடாது. மனித மனசு அப்படி.

இப்போது பேரனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய மாதிரி ஷூவின் அடிப்பாகம் தட்டை, கனம், விறைப்பு. உள்வளைவுக்குத் தாங்கல் குறைவு. பளு தூக்குகிறவர்கள் தட்டையான கேன்வாஸ் ஷூவை விரும்பிப் போடுகிறார்கள். நிலையாக நிற்க அது நல்லது. ஓடுவதற்கும் நாளெல்லாம் நடப்பதற்கும் அதற்கென்று செய்ததுதான் நல்லது. வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மை அளவில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 'போகப் போக விட்டுக்கொடுக்கும்' என்று கடைக்காரர் சொன்னால், நீளத்தில் எந்த ஷூவும் விட்டுக்கொடுக்காது என்று சொல்லுங்கள். உள்மெத்தை தனியாக வாங்கிப் போடலாம். தினமும் ஒரே ஜோடி வேண்டாம், வியர்வை காய நேரம் கொடுங்கள்.

ஆசையாக வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பவர்களுக்கு ஒன்று. பாலியூரித்தேன் மெத்தை வைத்த ஷூ, போடாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வாங்கினால் போட்டுவிடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு (நம் கூட்டத்தில் குறைவில்லை) ஸ்டைல் பேச்சே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூ கடிப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இரவில் பாதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.

இப்போது அந்தப் பழைய கடன்.

ஜோர்டனின் சாக்ஸைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1980களின் கடைசியில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடம். ஊரும் பெயரும் வேண்டாம். சுதந்திர தின அணிவகுப்பு. கலெக்டர் வருகிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ இல்லாதவர்களை வரிசையில் நிறுத்தக் கூடாது என்று முடிவு. வகுப்பில் போய் அதைச் சொன்னது நான்தான். சத்தமாகத்தான் சொன்னேன்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். நல்ல உயரம், நேரான நடை. அவன்தான் முன்வரிசை. அன்றைக்கு வெள்ளை ஷூவோடு வந்தான். பழைய ஷூ என்று தெரியாதபடி சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தான். "சபாஷ்டா" என்று முதுகில் தட்டினேன். கொளுத்துகிற வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள், நடந்தார்கள். வரிசை கோடு போட்ட மாதிரி இருந்தது. கலெக்டர் பாராட்டினார்.

எல்லாரும் மிட்டாய் வாங்கிக்கொண்டு போன பிறகு, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். ஷூ கழன்று வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கியது, இரண்டு அளவு சின்னது. லேஸை உருவி நான்தான் மெதுவாகக் கழற்றினேன். சாக்ஸ் கிடையாது. குதிகாலிலும் சுண்டுவிரலிலும் தோல் உரிந்து, சாக்பீஸ் மாவும் ரத்தமும் ஒன்றாகக் குழைந்திருந்தது. "ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன். "ஷூ இல்லாட்டி வரிசையில நிக்க வேணாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரல்.

டிங்சர் போட்டேன், சைக்கிளில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் விதி மாறியது, ஷூ இல்லாதவர்களும் நின்றார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மாறவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. கலெக்டர் பாராட்டிய வரிசையைக் கலைக்க மனம் வரவில்லை. அடுத்த வருடமும் அதே விதியை வகுப்பில் போய்ச் சொன்னேன். என்ன, அந்த முறை சத்தம் கொஞ்சம் குறைவு.

ஜோர்டன் காலிலும் ரத்தம், அந்தப் பையன் காலிலும் ரத்தம். ஆனால் ஜோர்டன் தானே தேர்ந்தெடுத்தார். அவர் பெட்டியில் வேறு ஷூ இருந்தது, நினைத்திருந்தால் பாதியில் மாற்றியிருக்கலாம். இந்தப் பையனுக்கு மாற்று ஷூ இல்லை, மறுக்கவும் வழியில்லை. ஸ்டைல் என் கண்ணுக்கு, வலி அவன் காலுக்கு. ஸ்டைலா சௌகரியமா என்று கேட்பதற்கு முன்னால், கடி வாங்கப் போவது யார் கால், தீர்மானிப்பது யார் என்று கேட்க வேண்டும். அதை நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாய். அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூட நீ பேசியதில்லை, நானும் பேசியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். "உன் கால், உன் முடிவு. ஆனால் சாயங்காலம் போ, சாக்ஸ் போட்டுக்கொண்டு போ, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நட" என்றேன். போனான். பழைய மாதிரியைத்தான் வாங்கினான், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக. பாதிப் பணம் நான் கொடுத்தேன் என்பது மகளுக்கு இப்போதுதான் தெரியும். இரண்டாம் நாளே வலது குதிகாலில் கொப்புளம். அவன் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஹிஸ்டரி கடிச்சிடுச்சா கண்ணு?" என்றாள். பஸ்ஸுக்கு இப்போது பழைய செருப்பு, சனிக்கிழமை மட்டும் இந்த ஷூ என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

உங்கள் முதல் ஷூ எது, யார் வாங்கிக் கொடுத்தது, கடித்ததா என்று கீழே எழுதுங்கள். என் வகுப்பில் ஷூ இல்லாததால் வரிசைக்கு வெளியே நின்றவர்கள் இருந்தால், அவர்களும் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி, ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்